முதலையைப் பார்த்துச் சிரித்தவர்

அக்கா சிரித்தால் ஓட வேண்டும். இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏறுவதற்கு ஒரு பாம்பும் ஒரு முதலையும் தேவைப்பட்டன.

புக்கிட் செலம்பாவ் போகிற சாலையில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் நான் அக்கா என்று கூப்பிடும் அவர் வீடும் என் வீடும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். நான் கல்யாணமாகி அங்கே போனதிலிருந்து, அக்காவும் வீட்டுக்காரரும் தங்கள் மகனோடு இருக்க ஈப்போ பக்கம் போகும்வரை அதுதான் நிலவரம். சுங்கைப் பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்கு இரண்டு பேரும் ஒரே வேனில் போவோம். அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர், நான் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். இரண்டு பக்கத்துச் சாப்பாட்டிலும் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு. அவருடைய வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். தேவைக்கே பாதிதான் பேசுவார். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன்.

சாதாரண நாளில் அக்கா சிரித்து நான் பார்த்ததில்லை. டிவியில் நகைச்சுவை ஓடும். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடப்போம். அவர் மட்டும் ரோடு டாக்ஸ் எடுக்க வரிசையில் நிற்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் "நல்லாருந்துச்சு" என்பார். பொய்க்குச் சொல்வதில்லை, உண்மையாகவே ரசித்திருப்பார். மறுநாள் வேனில் அதே வசனத்தை அதே இழுவையோடு சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பார். தான் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆனால் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டால் அது தனி ரகம். முதலில் தோள் இரண்டும் குலுங்கும். பிறகு, ஸ்டார்ட் ஆகாத மோட்டார் சைக்கிளை உதைக்கிற மாதிரி தொண்டையில் நாலைந்து முறை அடைத்து அடைத்து வரும். அப்புறம் பிடித்துக்கொள்ளும். தாமானின் கடைசி வீட்டில் அரிசி கழுவுகிறவர்கூட நிமிர்ந்து பார்ப்பார்.

நான் முதன்முதலில் அதை அருகிலிருந்து கேட்டது ஒரு சனிக்கிழமை. கறிவேப்பிலை கேட்டு அவர் வீட்டுப் பின்பக்கம் போனேன். அக்கா சமையலறை நாற்காலி மேல் ஏறி நின்று சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் துவைத்த துணி நிறைந்த பேசின். இன்னொரு கை துணி துவைக்கும் மெஷினைக் காட்டிக்கொண்டிருந்தது.

"என்னாக்கா, என்னா?" என்று நானும் சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். அவர் சிரிக்கிறதைப் பார்த்தால் நமக்கும் வந்துவிடும்.

"பா... பா..." என்றார்.

பார் என்று சொல்கிறார் என நினைத்தேன். பார்க்கப் போனேன். மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் குனிந்தபோது என் முழங்கால் உயரத்துக்கு ஒரு நாகம் எழுந்து நின்றது. படம் விரித்திருந்தது. சீறலை அதற்கு முன் நான் நேரில் கேட்டதில்லை. டயரில் காற்று இறங்குவது போலத்தான் இருந்தது. நான் கல்லாகிப் போனேன். அந்த நேரத்தில் பேசினோடு மொத்தத் துணியும் மேலிருந்து வந்து பாம்பின் மேல் விழுந்தது. ஈரத் துணியின் கனத்தில் அது அப்படியே அமுங்கியது. அக்கா என் முடியைப் பிடித்துத் தூக்கி மேசை மேல் ஏற்றி, தானும் ஏறினார். சிரிப்பை மட்டும் நிறுத்தவில்லை.

மேசை மேல் நின்றபடி அவரே போம்பா என்கிற தீயணைப்புப் படையைக் கூப்பிட 999க்கு அடித்தார். "ஹலோ, பாம்பு..." என்று மலாயில் ஆரம்பித்து, மேலே போக முடியாமல் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தப் பக்கத்துப் பெண் வைத்துவிட்டாள். மறுபடி அடித்தார். "அக்கா, இது விளையாடுற எடம் இல்ல. இன்னொரு தடவ கூப்ட்டா போலீஸ்ல சொல்லுவேன்" என்று அந்தப் பெண் அதட்டியது எனக்கே கேட்டது. மூன்றாவது முறை போனை நான் வாங்கி, அழுது, முகவரி சொன்னேன். அழுதால் நம்புகிறார்கள்.

போம்பாக்காரர்கள் பாம்பைக் கோணிக்குள் போட்டுக்கொண்டு போன பிறகு அக்கா இறங்கி வந்து துணிகளை மறுபடி அலசினார். முகத்தில் ஒன்றுமே இல்லை. "என்னாக்கா அப்படிச் சிரிச்சீங்க?" என்று கேட்டேன். "கறிவேப்பில வேணும்னியே, பறிச்சுக்கோ" என்றார். சரி, கொஞ்சம் கழன்ற கேஸ் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

அப்படி நினைத்தது நான் மட்டுமல்ல. அவர் பிறந்து வளர்ந்தது சிடாம் கிரி ஊருக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அங்கே சின்ன வயதிலேயே அவருக்கு லூசு என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதற்குக் காரணமான கதையை வேனில் அவரே ஒருநாள் சொன்னார். பால் வெட்டிக்கொண்டிருக்கிறார். புதருக்குள்ளிருந்து ஒரு காட்டுப்பன்றி நேராகப் பாய்கிறது. வாளியைப் போட்டுவிட்டு மரத்தில் ஏறிவிட்டார். பன்றி கீழே நின்று மரத்தை முட்டுகிறது, இவர் மேலே சிரிக்கிறார். சத்தம் கேட்டுக் கங்காணி வருகிறார்.

"வேல நேரத்துல மரத்துல ஏறிக்கிட்டு என்னாடி சிரிப்பு? எறங்குன்னு அந்தாளு கத்துறாரு. நான் பன்னியக் காட்டுறேன். என்னையாடி பன்னிங்கிறன்னு அதுக்கும் கோவப்படுறாரு. அதுக்குள்ள பன்னி அந்தாளப் பாத்துருச்சு" என்றார் அக்கா, வழக்கமான ரோடு டாக்ஸ் முகத்தோடு.

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, அவரும் அதே மரத்துலதான் ஏறுனாரு. என் காலப் புடிச்சுக்கிட்டு பாதி மரத்துல தொங்குனாரு. வேட்டி கீழ, பன்னி வாயில. எனக்குச் சிரிப்பு நிக்கல. அவரப் பாத்துத்தான் சிரிக்கிறேன்னு நெனச்சுட்டாரு. சாகுற வரைக்கும் எங்கிட்டப் பேசல."

வேன் ஓட்டுநர் சிரித்த சிரிப்பில் வண்டி கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பியது. அப்போது அக்காவின் தோள் மெதுவாகக் குலுங்க ஆரம்பித்ததை நான் கவனித்தேன். கவனித்தேனே தவிர, புரியவில்லை. எதிரே ஒரு மர லாரி வந்துகொண்டிருந்தது.

புரிந்தது தஞ்சோங் டாவாயில்.

மெர்போக் ஆறு கடலோடு சேரும் இடத்தில், தண்ணீர் வற்றும் நேரத்தில் கண்டல் மரங்களுக்கு நடுவே சேற்றில் மட்டி கிடைக்கும். ஒரு விடுமுறை நாளில் அக்காவும் அண்ணனும் கிளம்பினார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். எனக்குச் சேறு பிடிக்காது. கரையில் பாய் விரித்து, தேத்தண்ணி பிளாஸ்க்குக்குக் காவலாக உட்கார்ந்துகொண்டேன். அண்ணன் கொஞ்சம் தள்ளி, சிக்கலான தூண்டில் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். அக்கா அண்ணனுடைய ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். அது அவர் காலுக்கு ரொம்பப் பெரிது. நடக்கும்போது பூட்ஸ் ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் போனது.

வாளி பாதி நிறைந்திருக்கும். சிரிப்புச் சத்தம் கேட்டது.

அண்ணன் நூலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "மட்டி பொறுக்குறதுக்கு என்னா சந்தோஷம் பாரு."

ஆற்றில் சம்பான் படகில் போன இரண்டு மலாய் மீனவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கையை வீசிக்கொண்டிருந்தார். அவர்களும் சந்தோஷமாகக் கையை வீசிக் காட்டினார்கள்.

எனக்கு ஏனோ அந்தத் துணி மெஷின் ஞாபகம் வந்தது. எழுந்து நின்று பார்த்தேன். அக்கா சேற்றில் குப்புறக் கிடந்தார். ஒரு கண்டல் வேரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார். அவர் காலுக்குப் பின்னால் ஒரு கட்டை கிடந்தது. அந்தக் கட்டை அவரைத் தண்ணீர்ப் பக்கம் இழுத்தது.

நான் போட்ட கூச்சலில்தான் அண்ணன் திரும்பினார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததில்லை. அன்று சேற்றில் ஓடினார், விழுந்தார், தவழ்ந்தார். சம்பான்காரர்கள் துடுப்பால் தண்ணீரை அடித்துக்கொண்டே நெருங்கினார்கள். அக்காவின் கை வேரிலிருந்து ஒவ்வொரு விரலாக நழுவிக்கொண்டிருந்தது. வாயெல்லாம் சேறு. அந்தச் சேற்றுக்குள்ளிருந்தும் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. அண்ணன் போய் அவர் கையைப் பிடித்து இழுத்தார். ஒரு பெரிய சத்தத்தோடு கால் பூட்ஸிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. முதலை பூட்ஸோடு தண்ணீருக்குள் போனது.

அக்காவைக் கரையில் உட்கார வைத்தோம். கணுக்காலில் இரண்டு பக்கமும் கிழிந்திருந்தது. விரல்கள் எல்லாம் இருந்தன. அண்ணன் அந்தக் காலைத் தன் மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே, "என் பூட்ஸ் எங்க?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவருக்கே தெரிந்தது போல.  கார்ச் சாவியை அதன் துளையில் போட அவரால் முடியவில்லை.  கடைசியில் சம்பான்காரர்களில் ஒருவர்தான் காரைக் கிளினிக் வரை ஓட்டிக்கொண்டு வந்தார்.

கிளினிக்கில் நர்ஸ் ஊசியை எடுத்தபோது அக்காவின் தோள் குலுங்கியது. தொண்டை அடைத்தது. பிடித்துக்கொண்டது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. நான் அவர் கையைப் பிடித்திருந்தேன். அது ஐஸ் மாதிரி இருந்தது.

"அக்கா, பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

சிரித்துக்கொண்டே ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"பாம்பு வந்தப்போ?"

அதற்கும் ஆட்டினார்.

தையல் முடிந்து, நர்ஸ் வெளியே போன பிறகு மெதுவாகச் சொன்னார். "சின்னதுலேர்ந்தே இப்டித்தான். பயந்தா எனக்கு அழுகையும் வராது, கத்தவும் வராது. இதான் வரும். எங்கம்மா சாமிகிட்டல்லாம் கூட்டிப் போய்ப் பாத்தாங்க. அந்தச் சாமியாரப் பாத்தும் பயந்து சிரிச்சுட்டேன், அடிச்சு வெரட்டிட்டாரு."

"அண்ணனுக்குத் தெரியாதா?"

"தெரியாது. நீயும் சொல்லிறாத லா."

"ஏங்க்கா?"

வெளியே வராண்டாவில் அந்தச் சம்பான்காரர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். முதலை வாய்க்குள் காலை வைத்துக்கொண்டு ஒரு இந்தியக்காரப் பெண் எப்படிச் சிரித்தாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கதையில் முதலை ஏற்கெனவே சம்பானை விட நீளமாகியிருந்தது. அக்கா கொஞ்ச நேரம் அதைக் கேட்டார்.

"இவ்ளோ காலமா லூசுன்னாங்க" என்றார். "இப்பத்தான் ஒரு மனுசன் தைரியசாலிங்கிறாரு. கொஞ்ச நாளு இருந்துட்டுப் போவட்டுமே."

அந்தக் கொஞ்ச நாள்தான் வினையாகப் போனது.

ஊரில் பாம்பு வந்தால், உடும்பு வந்தால், எங்கே எது வந்தாலும் போம்பாவுக்கு முன்னால் அக்காவைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலையைப் பார்த்தே சிரித்தவர், இதெல்லாம் அவருக்கு எம்மாத்திரம். அக்காவும் மறுக்க மாட்டார். மறுத்தால் பெயர் போய்விடும். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு போவார். கோழிக்கூண்டுக்குள் எட்டிப் பார்த்ததும் சிரிப்பார். சுற்றி நிற்பவர்கள், "பாத்தியா, பாத்தியா" என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள். நான் மட்டும் கூட்டத்தின் கடைசியில் நின்று, எந்தப் பக்கம் ஓடலாம் என்று பார்த்து வைத்துக்கொள்வேன்.

எங்கள் மாரியம்மன் கோயில் சாமான் அறைக்குள் மலைப்பாம்பு புகுந்தபோதும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். மேளத்துக்குப் பின்னால் சுருண்டிருந்த அதன் தலையை அக்கா கோணியால் மூடப் போனார். அது அவர் கையைச் சுற்றிக்கொண்டது. அக்கா கையில் பாம்போடு வெளியே வந்து சிரித்தார். கோயில் தலைவர் கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய், "தட்டாதீங்க, இழுங்க" என்று கத்தி வாலைப் பிடித்த பிறகுதான் நாலு பேர் வந்தார்கள். கழற்றி எடுத்தபோது அக்காவின் கை கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. தலைவர் பொன்னாடை போர்த்தினார். அதைப் போர்த்தும்போதும் அக்கா சிரித்தார். மேடை என்றாலும் அவருக்குப் பயம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

குளவிக் கதை அதைவிட மோசம். செம்பனைத் தோட்டத்தில் வேலி ஓரம் யாரோ மட்டை வெட்டப் போய்க் கூட்டைக் கலைத்துவிட்டார்கள். பெரிய ரகக் குளவி. அது கொட்டி ஆள் செத்ததெல்லாம் உண்டு. மாட்டிக்கொண்டிருந்தவரை வெளியே இழுக்க அக்கா போனார். இழுத்தும் விட்டார். பிறகு குளவி அவரைத் துரத்தியது. ஓடிப் போய்ச் சாக்கடைக் கால்வாயில் விழுந்தார். தண்ணீருக்குள் மூக்கை மட்டும் வெளியே வைத்துப் படுத்துக் கிடந்தால் குளவி போய்விடும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதற்கு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அக்காவால் எப்படி முடியும்? சிரிப்பார், தண்ணீர் உள்ளே போகும், இருமி எழுவார், குளவி கொட்டும், மறுபடி முங்குவார். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது முகம் வீங்கிக் கண், வாய் எது எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. "அந்தாளு நல்லாருக்காரா?" என்று அந்த வீக்கத்துக்குள்ளிருந்து கேட்டார். அவர் நன்றாகத்தான் இருந்தார்.

"போதும்க்கா. இனிமே கூப்ட்டா முடியாதுன்னு சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்லிருவேன்" என்றேன்.

"கோவிச்சுக்காத லா. பயமில்லாதவ எவளாச்சும் இருந்தா அவளக் கூப்புடுவாங்க. இல்லியே, என்னா செய்ய?" என்றார்.



பள்ளி விடுமுறையில் மாதா கோயில் ஆட்கள் ஜெராய் மலை அடிவாரத்து அருவிக்குச் சுற்றுலா போனார்கள். அக்கம் பக்கத்துக் குடும்பங்களையும் கூப்பிட்டார்கள். நான் என் மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். அவள் அப்போதுதான் ஒன்றாம் வகுப்பு. கல்லுக்குக் கல் தண்ணீர் தெளிந்து ஓடியது. வெயில் சுள்ளென்று அடித்தது. பிள்ளைகளைத் தண்ணீரில் பார்த்துக்கொள்ளும் வேலையை யாரிடம் கொடுப்பார்கள்? அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்றார். சுற்றிப் பிள்ளைகள் தவளை மாதிரி குதித்துக்கொண்டிருந்தார்கள். கரையில் அண்ணன் கோழி சுட்டார். ஃபாதர் தர்பூசணி வெட்டினார்.

அக்காவின் சிரிப்பு கேட்டது.

பிள்ளைகள் சிரித்தார்கள். தாய்மார் சிரித்தார்கள். ஃபாதரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். என் கையிலிருந்த தட்டு எங்கே போனதென்று எனக்குத் தெரியாது. நான் தண்ணீருக்குள் ஓடிக்கொண்டிருந்தேன்.

"ஏறுங்க, எல்லாரும் மேல ஏறுங்க. அக்கா சிரிக்கிறாங்க."

இதைப்போல முட்டாள்தனமான எச்சரிக்கையை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் என் குரலில் எதுவோ இருந்திருக்க வேண்டும். பெண்கள் எழுந்தார்கள். அக்கா ஏற்கெனவே பிள்ளைகளை ஒவ்வொன்றாக அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கரைப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே செய்ததால் பிள்ளைகள் அதை விளையாட்டு என்றே நினைத்து, "இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி" என்று கேட்டார்கள். அப்போதுதான் பார்த்தேன். தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறியிருந்தது. இலையும் சுள்ளியும் மிதந்து வந்தன. எங்கள் தலைக்கு மேல்தான் வெயில். மலை உச்சியில் மழை பெய்து முடித்திருந்தது. அப்படி மேலிருந்து ஒரே மூச்சில் இறங்கும் வெள்ளத்தை மலாய்க்காரர்கள் 'தண்ணீரின் தலை' என்பார்கள்.

கடைசியாக என் மகள். அக்கா அவளைத் தூக்கி என் மேல் எறிந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். நான் அவளோடு கல் மேல் மல்லாந்து விழுந்தேன். எழுந்து பார்த்தபோது அருவி இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு சுவர் போய்க்கொண்டிருந்தது. மரங்கள் அதில் செங்குத்தாக நின்றபடி போயின. அக்கா நின்ற கல்லே தெரியவில்லை. சிரிப்பும் கேட்கவில்லை.

அண்ணன் குதிக்கப் போனார். ஐந்தாறு பேர் அவர் மேல் விழுந்து அமுக்கினார்கள். கோழி கருகிய வாடை எங்கும். யாரோ ஜெபம் சொல்ல ஆரம்பித்தார்கள். என் மகள் மட்டும், "ஆண்டி எங்க போனாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அவள் வாயைப் பொத்தினேன்.

வேகம் தணிந்ததும் ஆண்கள் கரையோரமாகக் கீழே தேடிக்கொண்டு போனார்கள். நானும் போனேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. பதில் இல்லை. ரொம்ப தூரம் போய்விட்டோம். இனி உடலைத்தான் தேடுகிறோம் என்பது எல்லார் முகத்திலும் தெரிந்தது. அண்ணன் யாரையும் பார்க்காமல் முன்னால் நடந்தார்.

அப்போது எதிரே டுரியான் பழத் தோப்புக்குள்ளிருந்து ஒரு மலாய்க்காரர் ஓடி வந்தார். தோப்புக் காவல்காரர். சாரோங்கை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். எங்களைப் பார்த்ததும் போகாதீர்கள் என்று கை காட்டினார்.

"பேய்" என்றார் மூச்சு வாங்க. "பட்டப்பகல்ல. ஒரு பொம்பள சிரிக்குது."

அவர் ஓடி வந்த திசையில் நாங்கள் ஓடினோம். பின்னாலிருந்து அவர் எங்களைப் பைத்தியங்கள் என்று திட்டியது கேட்டது.

ஒரு பாறைக்கும் சாய்ந்த மரத்துக்கும் நடுவில் அக்கா சொருகிக் கிடந்தார். கழுத்தெலும்பு உடைந்திருந்தது. விலா எலும்பும் போயிருந்தது. சிரிக்கும் ஒவ்வொரு முறையும் வலியில் துடித்தார். துடிக்கத் துடிக்கச் சிரித்தார். அண்ணன் பக்கத்தில் மண்டியிட்டு, "வந்துட்டேன், வந்துட்டேன்" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு மெதுவாகக் குறைந்து, நின்றது.

ஆஸ்பத்திரியில், மருத்துவர்கள் அக்காவை உள்ளே வைத்திருந்தபோது, அண்ணன் வெளியே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ எப்படி முன்னாடியே கத்துன?" என்று கேட்டார்.

அக்கா சொல்லாதே என்று சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் அந்த மனிதரின் சட்டையெல்லாம் இன்னும் சேறு. சொல்லிவிட்டேன். பாம்பு, கிளினிக், பொன்னாடை, எல்லாவற்றையும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.  நான் முடித்த பிறகும் நிமிரவில்லை. எதையோ பின்னாலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறவர் மாதிரி அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது.

மறுநாள் வார்டுக்குள் விட்டார்கள். அக்கா தோளில் கட்டோடு சாய்ந்திருந்தார். நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போயிருந்தேன். அண்ணன் கட்டிலுக்குக் கால்மாட்டில் நின்றார். உட்காரவில்லை.

"இவ எல்லாத்தயும் சொல்லிட்டா" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் மேலே தொங்கிய டிரிப்பைப் பார்த்தேன்.

"ம்" என்றார் அக்கா.

"அப்போ, கல்யாணத்தன்னிக்கு?"

அக்கா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கோயில்ல நீ சிரிச்ச சிரிப்புல ஃபாதர் மந்திரத்த நிறுத்திட்டு நின்னாரு. எங்கம்மா காதுல சொன்னாங்க, பொண்ணுக்கு உன்ன ரொம்பப் புடிச்சிருச்சுடான்னு. நான் இத்தன வருசமா அதத்தான் எல்லாருகிட்டயும்..." அவர் நிறுத்திக்கொண்டார். அண்ணன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

அக்கா கூரையைப் பார்த்தார். "பயம்தான்" என்றார்.

"அவ்ளோவா?"

"உங்க மீச அப்போ ரொம்பப் பெருசு லா. முன்னப் பின்னத் தெரியாத ஆளு வேற."

அண்ணன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனப் பாட்டி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வெளியே போய்விடலாமா என்று யோசித்தேன். ஆனால் போகவில்லை. யார்தான் போவார்கள்?

"இப்போ?" என்றார் அண்ணன்.

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். நன்றாக நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார்.

"இப்பல்லாம் உங்களப் பாத்தா சிரிப்பே வர மாட்டேங்குது" என்றார்.

இதற்குச் சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மறுபடி டிரிப்பைப் பார்த்தேன்.  அவர் நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்து, நாரை நீக்கி, ஒரு சுளையை அக்காவின் வாயில் வைத்தார்.

"புளிக்குது" என்றார் அக்கா.

அண்ணன் மீதிச் சுளைகளைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, அடுத்த பழத்தை உரிக்க ஆரம்பித்தார்.